முதல் திரையில் வராத எச்சரிக்கை

டிசம்பர் 3, செவ்வாய்

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஆஸ்பத்திரிகளுக்கான நோயாளிப் பதிவு மென்பொருளை வடிவமைத்தவன் நான். ஒவ்வொரு தகவலுக்கும் இரண்டு குறிகள் வைத்தேன்: எவ்வளவு முக்கியம், முதல் திரையில் தெரிய வேண்டுமா. மேலதிகாரி ஜாபெஸ் இரண்டாவதைத் தூக்கிவிட்டார். "அடிக்கடி நிரப்புறது மேல வந்தாப் போதும்." காப்பீட்டு எண் மேலே போயிற்று. மருந்து ஒவ்வாமை 'மேலும்' என்ற பொத்தானுக்குள் ஒளிந்தது. சண்டை போட்டு வேலையை விட்டு, சொந்த ஊரான ஏற்காட்டுக்கே திரும்பினேன். அந்த மென்பொருளுக்குக் கிடைத்த விருது அவருக்கு! மறப்பேனா?

டிசம்பர் 4

பிரஷர் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கேயும் அதே மென்பொருள்தான். வாழவந்தியில் காப்பி பறிக்கும் வீராயிக்குக் காலில் புண். நர்ஸ் தீபிகா பென்சிலின் ஊசியைக் கையில் எடுத்துவிட்டாள். மருமகள் மலர் ஓடி வந்தாள்.

"ஏனுங்க சிஸ்டர், நில்லுங்க! எங்க அத்தைக்குப் பென்சிலின் ஆகாதுங்க. போன தடவையே கம்ப்யூட்டர்ல ஏத்துனீங்களே!"

"ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரலைங்கக்கா."

"கத்தாத கண்ணு," என்றார் வீராயி. "போய்ச் சேந்திருந்தா நாளைக்குப் பழம் பறிக்கற வேலையாச்சும் மிச்சம்."

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. 'மேலும்' பொத்தானைக் காட்டினேன். தீபிகா அழுத்தினாள். ஒவ்வாமை உள்ளே இருந்தது. ஊசியைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

மலர் வர ஒரு நிமிடம் தாமதித்திருந்தால்?

டிசம்பர் 8, ஞாயிறு

சின்ன வயதில் போன எஸ்டேட் டிஸ்பென்சரி நினைவாகவே இருக்கிறது. டெட்டால் வாசனை, நனைந்த கம்பளி வாசனை, வெளியே காயும் காப்பிப் பழத்தின் புளிப்பு. ஊசி ஆகாதவர்களின் அட்டைகளை சிஸ்டர் சாந்தாமேரி மருந்து அலமாரியின் கைப்பிடியிலேயே மாட்டிவைப்பார். சேலத்திலிருந்து வந்த புது டாக்டர் எரிந்து விழுந்தார்: "என்ன சிஸ்டர், கதவையே திறக்க முடியல."

"அதுக்குத்தானுங்க மாட்டினேன்."

அறை முழுக்கச் சிரிப்பு. என் இரண்டாவது குறி அங்கே பிறந்ததுதான். எவ்வளவு நல்ல காலம் அது!

டிசம்பர் 9

ஜாபெஸுக்கு நடந்ததை எழுதினேன். பதில் வந்தது: "இன்னும் அந்தப் பழைய கோபம் போகலையா?"

அவ்வளவுதான். வீராயியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

டிசம்பர் 14, சனி

இந்த மென்பொருளைப் பயன்படுத்தும் டாக்டர்களும் நர்ஸுகளும் கூடும் இணையக் குழுவுக்கு எழுதி முடித்தேன். வாசித்துப் பார்த்தால் முதல் பத்தியில் விருது, ஜாபெஸ், நான். ஊசி கடைசியில். சீ! நானுமா?

எல்லாவற்றையும் அழித்தேன். இப்போது முதல் வரி: 'ஊசி போடுமுன் "மேலும்" பொத்தானை அழுத்துங்கள், ஒவ்வாமை அதற்குள் இருக்கிறது.' அடுத்து, அதை முதல் திரைக்குக் கொண்டுவரக் கம்பெனியிடம் கேட்க வேண்டிய மாற்றம். அவ்வளவே.

கீழே என் பெயர்? அதைக் கண்டால் ஜாபெஸ் பழைய கோபம் என்பார். எல்லோரும் அதையே பேசுவார்கள். அழிக்கக் கொஞ்சம் வலித்தது.

பெயரில்லாமலே போடுகிறேன்.