முதுகு வழியா, வயிறு வழியா

12.6.2009
கடலூர் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அம்மாவுக்குக் கீழ்முதுகில் ஓர் எலும்பு முன்னால் நழுவியிருக்கிறது. முதுகைக் கிழித்து, தசையை விலக்கி, திருகாணி போட்டு இரண்டு எலும்பையும் ஒட்டவைக்க வேண்டுமாம். தேற மாதக்கணக்கில் ஆகும்.
"யாரு பாத்துக்கறது?" என்றார் மாமா. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு வருஷமாக அம்மாவோடு நான் என்ன செய்துகொண்டிருக்கிறேனாம்?

19.6.2009
சிதம்பரம். இந்த டாக்டருக்கு எலி மூஞ்சி. வயிற்று வழியாகப் போனால் முதுகுத் தசையைத் தொடவே வேண்டாம், சீக்கிரம் எழுந்து நடக்கலாம் என்றார். மாமாவுக்கு வாயெல்லாம் பல்.
"வயித்துல ஏற்கெனவே எதுனா ஆபரேஷன் ஆயிருக்காம்மா? ஆயிருந்தா பெரிய ரத்தக்குழாய் ஒட்டிக்கிட்டு இருக்கும். நகத்தும்போது கிழிஞ்சா உயிருக்கே ஆபத்து."
அம்மா மாமாவைப் பார்த்தாள். "இல்லீங்க."
பொய். நாலு வருஷத்துக்கு முன் குறிஞ்சிப்பாடியில் கர்ப்பப்பை எடுத்தார்கள். சீழ் வைத்து, மறுபடியும் கிழித்தார்கள். மாமா அப்போது சிங்கப்பூரில் இருந்தார்.
பஸ்ஸில் கேட்டேன். "கூடப்பொறந்த அண்ணன் எதிர்ல அதெல்லாம் சொல்லுவாங்களாடி? நீயும் வாயத் தொறக்காத."
நான் எங்கே திறந்தேன்? ஊமைக்கோட்டான்.

26.6.2009
மாமாவுக்கு இன்னும் இரண்டு மனசு. அம்மன் கோயிலில் இரண்டு பூவைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டார். வெள்ளை வந்தால் முதுகு, சிவப்பு வந்தால் வயிறு. "கன்னிப்பொண்ணு எடுக்கட்டும்" என்றார் பூசாரி. என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். எடுத்தேன்.
சிவப்பு.
மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எங்கம்மா வயித்த ரெண்டு தடவ கிழிச்சது ஆத்தாவுக்குத் தெரியாதா? தெரிஞ்சுமா சிவப்பு குடுத்தா? இல்ல, என் கைதான் நாசமாப் போன கையா?

27.6.2009
இந்தக் கையால் சோறு பிசையப் பிடிக்கவில்லை.

6.7.2009
நாளை ஆபரேஷன். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் முன்னால் போய் நின்றேன். "என்ன பாப்பா?" இந்த நோட்டைப் பிரித்து 19ஆம் தேதியை நீட்டினேன். நின்றபடியே படித்தார். எலி மூஞ்சியையும் படித்திருப்பார்.
"அவுங்க சொன்னத நம்பி நானும் வயித்தப் பாக்கல. தப்புதான். முதுகு வழியாவே பண்ணிடறேன்."
மாமாவிடம், "உங்க மருமவ ஒரு விஷயம் சொல்லிச்சு, அதான் மாத்திட்டேன்" என்று மட்டும் சொன்னார்.
"சாமி உத்தரவ மாத்த நீ யாருடி? அவளுக்கு எதுனா ஆச்சு, உன்னத் தொலைச்சுப்புடுவேன்" என்றார் மாமா.
தொலைக்கட்டும்.

30.8.2009
அம்மாவுக்கு முதுகு பலகை மாதிரி இருக்கிறதாம். ஒருக்களிக்கவும் நான்தான் புரட்ட வேண்டும். "வயித்து வழியா பண்ணியிருந்தா இந்நேரம் எழுந்திருப்பேன்" என்று அழுகிறாள்.
"இந்நேரம் உனக்குக் கருமாதி முடிஞ்சிருக்கும்!" என்று கத்திவிட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

14.12.2009
மறுபடியும் சிதம்பரம். அம்மா தானாகவே படியேறினாள், மெதுவாக. புது நர்ஸ் சீட்டை நிரப்பிக்கொண்டே கேட்டாள், "முன்னாடி வேற ஆபரேஷன் எதுனா?"
மாமா பக்கத்திலேயே நின்றார். நான் தரையைப் பார்த்தேன்.
"கர்ப்பப்பை எடுத்துருக்கு" என்றாள் அம்மா. "சீழ் வச்சு, அதே எடத்துல இன்னொரு தடவ கிழிச்சாங்க. எழுதிக்கம்மா."
மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
பஸ் ஸ்டாண்டில் என்னிடம் வந்தார். ஐந்து மாதமாகப் பேசாதவர். "டீ குடிக்கிறியா?"
"வேணாம்" என்றேன். சத்தமாகவே.