எந்தப் பொடி, ஸ்டெல்லா?

அடி ஸ்டெல்லா, என் செல்லமே,

நீ ஜெயித்துவிட்டாய். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். திட்டு அப்புறம்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது லேப் வாசலில் என்ன சொன்னாய்? "அக்கா, ரெண்டாவது டப்பாதான் பொடி. அதையே எத்துக்கோ. நா சீக்கிரம் வந்துடறேன்." நீ வரவில்லை. டப்பாக்கள் மட்டும் இருந்தன. இரண்டு கண்ணாடி டப்பாவிலும் அதே சாம்பல் நிற நானோ வைரத்தூள். எல்லாமே பொடிதானே, இதில் ரெண்டாவது என்ன? அதன் வாயை நீ மெழுகு வைத்து அடைத்திருந்தாய். சுரண்டச் சோம்பல்பட்டு முதல் டப்பாவை எடுத்தேன்.

உப்போடு அரைத்து, அழுத்தி வில்லையாக்கி, அகச்சிவப்புக் கதிரில் வைத்தேன். வைரத்துகளின் மேற்பரப்பில் நீ ஒட்டவைத்த அமிலத் தொகுதிகள் இருக்கின்றன, அவற்றில் மருந்தை மாட்டலாம் என்பதுதானே உன் ஆய்வே? அவற்றுக்கான முகடு வரைபடத்தில் தெரியவே இல்லை. அந்த இடத்தை அடைத்துக்கொண்டு தண்ணீரின் மேடு, எருமை படுத்திருக்கிற மாதிரி.

நம் கைடு சார் பார்த்தார். "இதி நீள்ளே கதம்மா. பாபம் ஸ்டெல்லா." வெறும் தண்ணீர்தானாம், பாவமாம். கட்டுரையிலிருந்து உன் பகுதியை எடுத்துவிடலாம் என்றார். எடுத்தால் உன் பெயரும் போய்விடும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வாரம் திருப்பதியில் நல்ல மழை. ஹாஸ்டல் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழிருந்து வார்டனம்மா, "பட்டலு பொடிகா உன்னாயாம்மா?" என்று கத்தினார். துணியெல்லாம் காய்ந்திருக்கிறதா என்று.

கையில் ஈரச் சுடிதாரோடு நின்றுவிட்டேன். பொடி! தெலுங்கில் காய்ந்தது! நாள் முழுக்கத் தெலுங்கு பேசுகிற எனக்கு இது ஏன் எட்டவில்லை? உன் வாயிலிருந்து வந்தால் தமிழ்தான் என்று என் காது முடிவு கட்டி வைத்திருந்தது. இரண்டையும் ஒரே வாயில் போட்டு மெல்லாதே என்று எத்தனை தரம் சொன்னேன், கேட்டாயா?

உப்பையும் ஓவனில் காயவைத்துவிட்டு, மெழுகைச் சுரண்டினேன். இந்தத் தடவை தண்ணீர் மேடு இருந்த சுவடே இல்லை. அது மறைத்திருந்த உன் முகடு தனியாக நிமிர்ந்து நின்றது. சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு தரம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அதே முகடு. உன்மேல் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சித்தூரில் உன் அம்மாவிடம் வரைபடத்தைக் காட்டினேன். "இதுல வைரம் எங்கம்மா கீது?" என்றார்கள். "வைரம் இல்ல ஆன்ட்டி, வைரத்து மேல ஸ்டெல்லா ஒட்ட வெச்சது" என்று முகட்டைக் காட்டினேன். அதன்மேல் விரலை வைத்தவர்கள் வெகுநேரம் எடுக்கவில்லை.

கட்டுரை போகிறது, உன் பெயர் முதலில். ஒன்றுதான் கேட்க வேண்டும். சீக்கிரம் வந்துடறேன் என்றாயே, அதையாவது தமிழில்தானே சொன்னாய்?

போகட்டும். அடுத்து மருந்தை நான் மாட்டிக் காட்டுகிறேன். மாட்டும், எனக்குச் சந்தேகமே இல்லை.

மீதிப் பொடியை ஈரம் படாமல் பார்த்துக்கொள்கிற
உன் அக்கா,
கௌரி