வரி மடிந்த இடம்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் வந்ததுமே 'அவசரம்' கூப்பிட்டார். மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவின் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர். எதைச் சொன்னாலும் அந்தச் சொல்லில்தான் தொடங்குவார். இன்று உண்மையிலேயே அவசரம். கண் அறுவைக்குப் பின் கொடுக்கும் சொட்டு மருந்தில் ஒரு பேட்ச்சில் கிருமி இருக்கிறதாம். யார் யாருக்குப் போனதென்று மதியத்துக்குள் பட்டியல் வேண்டும்.

மூவாயிரம் பேரின் குறிப்புகள், ஒரே நீளக் கோப்பாக. தேடுவதற்கு ரெஜெக்ஸ் என்கிற தேடல் சூத்திரம் எழுதினேன்: மருந்தின் பெயர், இடையில் எது வந்தாலும் சரி, பிறகு பேட்ச் எண். அறுபத்து மூன்று பேர். பதினொன்றரைக்கே கொடுத்துவிட்டேன். கெட்டிக்காரி என்றார். அவர் வாயிலிருந்து அப்படி வருவது அபூர்வம்.

மார்ச் 5, புதன்

அறுபத்து மூன்று பேருக்கும் போன் போய்விட்டது. நிம்மதி.

மார்ச் 10, திங்கள்

கண் வார்டு சிஸ்டர் நேரில் வந்து நின்றார். தையல் வேலை செய்யும் ஓர் அம்மா வலது கண் வீங்கி வந்து சேர்ந்திருக்கிறார். அதே மருந்து, அதே பேட்ச். இன்று காலைவரை விட்டுக்கொண்டிருந்தாராம். "லிஸ்ட்ல இவங்க பேரே இல்லியே?"

மறுபடி தேடினேன். இல்லை. கோப்பைத் திறந்து கண்ணால் பார்த்தால் இருக்கிறது. மருந்தின் பெயர் ஒரு வரியின் கடைசியில், பேட்ச் எண் அடுத்த வரியில். பழைய கணினி எண்பது எழுத்தானதும் வரியை மடித்துவிடும். இடையில் எதுவும் வரலாம் என்பதற்காகச் சூத்திரத்தில் நான் வைத்த புள்ளிக் குறி எந்த எழுத்தையும் ஏற்கும், வரி முடிவைத் தவிர. இது எனக்குத் தெரியாததா? தெரியும். அன்றைக்கு ஏன் தோணல?

வரி தாண்டித் தேடும்படி மாற்றினேன். ஒரே ஒரு விடை வந்தது. முதல் நோயாளியில் தொடங்கிக் கடைசி நோயாளிவரை எல்லாரையும் சேர்த்து விழுங்கிய ஒரே விடை. பிறகு கோப்பை ஆள்வாரியாகப் பிரித்து, ஒவ்வொருவர் குறிப்புக்குள்ளும் தனியாகத் தேடினேன்.

எண்பத்திரண்டு.

பத்தொன்பது பேரை விட்டிருக்கிறேன். ஆறு நாள்.

மார்ச் 11, செவ்வாய்

மீதிப் பதினெட்டுப் பேருக்கும் நேற்றே நானே போன் செய்தேன். பதினாறு பேருக்கு ஒன்றுமில்லை. இரண்டு பேருக்குக் கண் சிவப்பு. சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். தையல்காரம்மாவைப் பற்றி அப்படிச் சொல்லவில்லை.

அவசரத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்யூட்டர் கோளாறு என்று எழுதிவிடலாம் என்றார், மெதுவாக. நல்லெண்ணம்தான். ஆனால் கணினி நான் கேட்டதைத்தான் கொடுத்தது. என் தவறு என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதனால் யாருக்கு என்ன ஆகப்போகிறது?

வீட்டில் அக்கா, நீ வேணும்னேவா செஞ்ச, என்று தலையைத் தடவினாள். அழுகை வந்தது. அவள் திட்டியிருக்கலாம்.

மார்ச் 12, புதன்

சாப்பாடு இறங்கல. போய்ப் பாக்கணும். போய் என்னத்தச் சொல்ல?

மார்ச் 13, வியாழன்

போனேன். ஜன்னலோரப் படுக்கை. வலது கண்ணில் கட்டு. அவர் மகள் தொலைவில் இருக்கிறாள், சனிக்கிழமைதான் வர முடியுமாம். நான் யார், என்ன வேலை பார்க்கிறேன், என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கேட்டது இதுதான்:

"எனக்கு மட்டும் ஏன் ரெண்டு வரில எழுதினாங்க?"

அவருக்குச் சர்க்கரை இருப்பதால் டாக்டர் கூடுதலாக எழுதியிருந்தார். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தைதான் பேட்ச் எண்ணை அடுத்த வரிக்குத் தள்ளியது. இதை எப்படிச் சொல்வது? ஆனாலும் சொன்னேன்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வந்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

பத்து மணிக்கு அவருடைய வலது கண்ணை எடுத்தார்கள். கிருமி உள்ளே பரவாமலிருக்க வேறு வழியில்லையாம்.

அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு ஒன்பது மணிக்கே போயிருந்தேன். தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது என்னைப் பார்த்தார். போகச் சொல்லவில்லை. அறுவை அறைக்கு வெளியே நீளப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

பதினொன்றே காலுக்குக் கதவைத் திறந்து ஒரு நர்ஸ் அவர் பெயரைச் சொல்லி, "கூட வந்தவங்க யாரு?" என்று கேட்டாள்.

யாரும் எழவில்லை. நான் எழுந்துகொண்டேன்.