பேராசிரியர் அழித்த கோடு

1993 கார்த்திகை, செவ்வாய்.

நான் வேலை செய்யும் வீட்டுப் பேராசிரியர், அரசாங்கம் எதிலும் கை வைக்கக் கூடாது, எல்லாவற்றையும் சந்தையே பார்த்துக்கொள்ளும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்பவர். இன்று சாப்பாட்டு மேசையில் இத்தாலியின் இந்தப் பலெர்மோ நகர வரைபடத்தை விரித்து, புதிய தேர்தல் தொகுதிகளுக்குப் பென்சிலால் எல்லை போட்டுக்கொண்டிருந்தார். கோப்பியை வைத்தபோது, "உங்கள் ஆட்கள் எங்கே அதிகம்?" என்று கேட்டார்.

உண்மையில் நாங்கள் இருக்கும் சீசா என்ற பகுதியில்தான். ஆனால் இலங்கைச் சோதனைச்சாவடிகளில் பொய் சொல்லிப் பழகிய வாய், "கால்சா" என்று வேறொரு பகுதியைச் சொன்னது. உடனே ஒரு கோட்டை அழித்து, கால்சாவைப் பக்கத்துத் தொகுதிக்குள் தள்ளினார். எனக்கு நன்றியும் சொன்னார். நான்கு வருடத்தில் அதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் கேட்டேன்.

"எங்களுக்குத்தான் வோட்டு இல்லையே. பிறகு ஏனப்பா கேட்டவர்?"

"தொகுதி பிரிக்க ஆக்களை எண்ணேக்கை எங்களையும் எண்ணுவினம். வோட்டுப் போடேக்கை நாங்கள் இல்லை. எங்களை எந்தப் பக்கம் தள்ளினால் தன்ரை கட்சி ஆக்களுக்கு லாபமெண்டு பாக்கிறார். நீர் பொய் சொன்னது நல்லது."

நல்லதா? கால்சாவில் எனக்கு மீன் தரும் ரோசாவுக்கு வோட்டு உண்டு. அவளைக் கேளாமலே தூக்கி மற்றப் பக்கம் போட்டது பேராசிரியர் மட்டுமில்லை.