முப்பது நாள் லீவு

டுபாய்
12.02.2001

அன்பின் ஸ்ரெல்லாவுக்கு,

மாதாவின் துணையால் நான் சுகமாக இருக்கிறேன். உமக்கும் மகள் யதுசாவுக்கும் காய்ச்சல் ஒன்றும் இல்லையே? உமது கடிதம் வந்து மூன்று மாதமாகிறது.

ஒரு சின்ன விஷயம், யோசிக்க வேண்டாம். இரண்டு வருடம் முடிந்ததால் கம்பனி எனக்குச் சம்பளத்தோடு முப்பது நாள் லீவு தருகிறது. ஊருக்குப் போகாவிட்டால் அந்த லீவைக் காசாகத் தருவார்கள். எது வேண்டும் என்று இருபத்தெட்டாம் திகதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

என் அறையில் இருக்கும் உருத்திரபுரத்து ஆண்டியப்பன் அண்ணை போன வருடம் லீவில் போனவர். வவுனியாவில், உங்கள் பக்கம் வர ஆமி தரும் பாஸுக்காக இருபத்தாறு நாள் காத்திருந்துவிட்டு, வீட்டைப் பார்க்காமலே திரும்பி வந்தார். லீவுக் காசைக் கேட்டதற்கு, இலங்கை போய் வந்தாய்தானே என்று மனேஜர் அனுப்பிவிட்டார்.

"நான் வீட்டை போகேல்லை, காசும் கிடைக்கேல்லை. நீ காசை எடு தம்பி" என்று நேற்றும் சொன்னார். அதனால் காசு என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டேன். இன்னும் கொடுக்கவில்லை. தாள் தலையணைக்குக் கீழே கிடக்கிறது.

யதுசாவின் காலைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறி அனுப்பும், சப்பாத்து வாங்க வேண்டும். எனக்குத் தெரிந்தது அவள் தவழ்ந்த காலத்துக் கால்தான்.

வேலைக்கு ஏற்றிப்போகும் கம்பனி வான் வாசலுக்கு வந்துவிட்டது. இந்தக் கடிதம் உம் கைக்கு வரும்போது இருபத்தெட்டாம் திகதி எப்போதோ போயிருக்கும். இருந்தாலும் "வாங்கோ" என்று ஒரு வரி எழுதும்.

உமது
சூசைதாசன்