கேட்டைத் திறந்திருப்பார்கள், அம்மா

என் தங்க அம்மாவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு இப்போதுதான் சோறு இறங்குகிறது. இதை முதலில் உன்னிடம்தானே சொல்லவேண்டும்?

நீ போன வாரத்திலிருந்தே ஒவ்வொரு வாய்ச் சோறும் தொண்டையில் வந்து நின்றுவிடும். கஞ்சியும் டீயுமாகக் காலம் தள்ளினேன். போர்ட் பிளேயரில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், மெயின்லேண்ட் போயும் பார்த்தாயிற்று. புண்ணுமில்லை, கட்டியுமில்லை.

கடைசியில் மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். எனக்கென்ன பைத்தியமா என்று சண்டைக்கே போனேன். அந்த வங்காளி அம்மாளுக்குக் கோபமே வரவில்லை. "கப் ஸே?" என்றார். எப்போதிலிருந்து என்றுதான் கேட்டார். அதற்கே அழுதுவிட்டேன்.

அந்த மத்தியானம் நடந்தது அதுவரை உனக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. அப்பா போர்ட் பிளேயரில், லம்பா லைனில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தார். பாராடாங் வீட்டில் நாம் இரண்டு பேர். "நெஞ்ச அடைக்குதுடி" என்றாய். போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரிக்குப் போகும் காட்டு ரோட்டில் கேட்டைத் திறந்து குறித்த நேரத்துக்குத்தானே வண்டிகளைச் சேர்த்து விடுவார்கள்? அன்றைய கடைசி வரிசையும் போய்விட்டிருந்தது. "கேஸ்தாம்மா. கான்வாய் போயிருச்சு, காலையில மொத கான்வாய்ல போயிரலாம்" என்று ஓமத்தண்ணீர் கொடுத்தேன். காய்ச்சல், பல்வலி எல்லாவற்றுக்கும் நாம் அப்படியே சொல்லிப் பழகியிருந்தோம். ஆம்புலன்ஸ் என்றால் எந்நேரமும் கேட்டைத் திறப்பார்கள் என்பது பாராடாங்கில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்று நினைவுக்கு வரவே இல்லை. முதல் கான்வாய்க்கு நீ இல்லை.

அப்பாவிடம் "கேட்ட தொறக்கலப்பா" என்று சொல்லிவிட்டேன். "இந்த கேட்வாலாங்கதான் என் பொண்டாட்டியக் கொன்னானுங்க" என்று இரண்டு வருஷமாக அவர் திட்டாத நாளில்லை. அவர் திட்டும்போதெல்லாம் என் தொண்டை இறுகும். டாக்டர் கேட்டுக் கேட்டுத்தான் அது எனக்கே உறைத்தது. வாய் சொல்லாததை உடம்பு சுமக்குமாம். மாதக்கணக்கில் டாக்டர் எதிரே உட்கார்ந்து, மூச்சை மெல்ல விட்டு, அந்த மத்தியானத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். பாதி இட்லி, ஒரு இட்லி என்று இறங்கத் தொடங்கியது.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடமும் சொன்னேன். "நான் ஆம்புலன்ஸே கூப்பிடலப்பா."

"கூப்பிட்டிருந்தா பொழச்சிருப்பாளா?"

"தெரியலப்பா."

எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. யாரையும் திட்டுவதுமில்லை. நேற்று இரண்டு வாய்க்குமேல் அவருக்கு இறங்கவில்லை. என் தொண்டையில் இருந்ததை அவர் தொண்டைக்கு மாற்றிவிட்டேனோ, அம்மா?

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். என்னைப்போல் அவரையும் வாயை மூடிக்கொண்டு கிடக்க விடமாட்டேன். தினமும் அவர் எதிரே போய் உட்காருவேன். இத்தனை நாள் யாரையோ திட்டியதையெல்லாம் இனி என்னைத் திட்டட்டும். அவர் திட்டி முடிக்கும்வரை எழுந்து போகமாட்டேன்.

உன்னைக் காலை வரை இருக்கச் சொன்ன
உன் மகள்