கோரிமேடு தாண்டிய கருவாடு

இன்று காலை எங்கள் தெருவில் மீன் வண்டி வந்தது. வண்டிக்காரர் வாயே திறக்கவில்லை. பதிவு செய்த ஒரு குரல் ஒலிபெருக்கியில் "வஞ்சிரம், வவ்வால், சங்கரா" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டு போனது. நீ கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய். உடனே உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது என்பது பேனாவை எடுத்த பிறகுதான் உறைத்தது. பரவாயில்லை. நீ இருந்தபோதும் உனக்கு வந்த கடிதங்களை நான்தானே படித்துக் காட்டினேன்.

ராயபுரத்துக்கு மருமகளாக வந்த புதிதில், திருநெல்வேலிப் பேச்சோடு மளிகைக்கடைக்குள் முழித்துக்கொண்டிருந்த எனக்கு முதல் சிநேகிதி நீ. என் வாயில் உங்கள் ஊர்ப் பேச்சு சாகும்வரை வராது என்று பந்தயம் கட்டினாய். மீன் கூடையோடு தெருமுனையில் நீ கூவினால் கடைத் தராசு ஆடும் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அந்தக் குரலைத்தான் பங்களாத் தெரு அம்மாள் ஒருத்தி அடைத்துவிட்டாள். "இங்கே கத்தாதே, இது உங்கள் குப்பம் இல்லை." அன்றிலிருந்து நீ எந்தத் தெருவிலும் கூவவில்லை. கதவு கதவாகப் போய்ச் சன்னமாகக் கேட்பாய். பாதிக் கூடை அப்படியே திரும்பி வரும்.

பிரெஞ்சுக்காரன் பாண்டிச்சேரியை விட்டுப் போன மறு வருஷம், ஒரு நாள் ஊர் பார்த்துவிட்டு வரலாம் என்று உன்னை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். பிராட்வேயில் பஸ் ஏறும்போது பார்த்தால் உன் வயிறு புடைத்திருந்தது.

"என்னட்டி இது?"

"வஞ்சிரக் கருவாடுக்கா. வெறுங்கையோட ஒரு ஊருக்குப் போவாங்களா?"

"அங்க நமக்கு யாரட்டி தெரியும்?"

"யாரோ ஒருத்தர் இல்லாமயா பூடுவாங்க?"

பாண்டிச்சேரி எல்லையில், கோரிமேட்டுச் சுங்கச் சாவடியில் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பார்கள் என்று யாரோ பழைய கதையைச் சொல்லி உன்னைப் பயமுறுத்தியிருந்தார்கள். அதனால் கருவாட்டை மடியில் கட்டிப் புடவையால் மூடியிருந்தாய். ஒரு பெரியவர் எழுந்து, பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணாச்சே என்று ஜன்னலோரம் இடம் கொடுத்தார். திண்டிவனம் வருவதற்குள் வாசனை தாங்காமல் நம்மைச் சுற்றி நாலு இடம் காலியானது. கோரிமேடு வந்தது. சாவடியில் ஒருவரும் இல்லை. வாசலில் ஓர் ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"காலைலேந்து புள்ளத்தாச்சியா வந்துகினு கீறேன், ஒருத்தன் கேக்கலியே!" என்றாய். எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

ஊர் நடுவே ஒரு வாய்க்கால். இந்தப் பக்கம் கடைவீதி, ரிக்‌ஷா, நம் ஊர் இரைச்சல். அந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள் குடியிருந்த தெருக்கள், மஞ்சள் சுவர்கள், சாத்திய ஜன்னல்கள். பாலம் தாண்டியதும் நாம் இருவரும் குசுகுசுவென்று பேசத் தொடங்கினோம். கொலுசைக்கூடச் சத்தம் வராதபடி மேலே தள்ளிக்கொண்டாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அவங்கதான் போயாச்சுல்லா, யாருக்கட்டி பயப்படுதே?"

"ஆளு பூட்டாங்க, சுவரு கீதேக்கா."

கடற்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். "நம்ம கடலுதான்க்கா, கலரு கூட மாறல" என்று உனக்கு ஒரே ஆச்சரியம். திரும்பும்போது மூட்டையை மடியிலிருந்து அவிழ்த்துத் தலையில் வைத்தாய். தலையில் சுமை ஏறியதும் உன் நடையே மாறிவிட்டது. அந்த மஞ்சள் சுவர்த் தெருவின் நடுவில் நின்றாய். என்னை ஒரு பார்வை பார்த்தாய்.

"கருவாடேய்ய்ய்!"

கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. நான் ஓடத் தயாராக முந்தானையைச் செருகிக்கொண்டேன். ஒரு ஜன்னல் திறந்தது. கையெல்லாம் மாவோடு ஒரு சமையற்கார அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"வஞ்சிரமா?" என்று ரகசியம் போலக் கேட்டாள். பிறகு தானே சிரித்துவிட்டாள். "தொரசாணி கப்பலேறி எத்தினியோ மாசம் ஆச்சு. நான் இன்னும் கதவ மெதுவாத்தான் சாத்துறேன்."

மூட்டையை அப்படியே அவள் கையில் கொடுத்தாய். காசு வாங்கவில்லை. "ஒருத்தர் இல்லாமயா பூடுவாங்கன்னேனே" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். அவள் நம் இருவரையும் பார்த்துக்கொண்டே, வேண்டுமென்றே, ஜன்னலைப் படாரென்று சாத்தினாள்.

மறுநாள் காலை பங்களாத் தெருவிலிருந்து உன் குரல் எங்கள் கடைவரை கேட்டது. என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே தராசைப் பிடித்துக்கொண்டார். நான் உள்ளே போய் அழுதேன், சந்தோஷத்தில்தான். அந்த அம்மாள் என்ன சொன்னாள் என்று சாயங்காலம் கேட்டேன்.

"இன்னாவோ சொல்லிச்சு. நான் கூவிக்கினு இருந்தேனா, காதுல வுழல."

இப்போது மகன் வீட்டில் நாலாவது மாடியில் இருக்கிறேன். இங்கே யாரும் உரக்கப் பேசுவதில்லை. நான் வாய் திறந்தால் மருமகள் உதட்டில் விரல் வைப்பாள். இன்று அந்த மீன் வண்டி தெருமுனை திரும்பப் போனபோது, பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏய் மீனு!" என்று அடிவயிற்றிலிருந்து கூவினேன். ஒலிபெருக்கியையும் மீறிக் கேட்டிருக்கிறது. வண்டி நின்றது. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. வண்டிக்காரர் அந்தக் குரலை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா ஆயா வேணும்?"

"கருவாடு கீதா?" என்றேன்.

பந்தயத்தில் நீ தோற்றுவிட்டாய், போ.